விடுபட்ட பள்ளி நாள்களை ஈடுசெய்வது யார் கையில் இருக்கிறது? வட கரோலினா சட்டம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: ராலே அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ராலேக்கு அருகில் வசிக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் இரண்டாம் வகுப்பிலும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் உறைமழையாலும் பனியாலும் எங்கள் பள்ளி மாவட்டம் மொத்தம் எட்டு நாள்கள் பள்ளியை மூடியது. அவற்றில் மூன்று நாள்களைத் தொலைவழி வகுப்பு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர் பணிநாள்கள் இரண்டை மாணவர்களுக்கான வகுப்பு நாள்களாக மாற்றினார்கள். ஒரு சனிக்கிழமை முழுநாள் வகுப்பு நடந்தது. மீதியுள்ள இரண்டு நாள்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தொலைவழி வகுப்பு என்று எழுதிவிட்டேனே தவிர, எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்பு ஆசிரியையின் முகம் திரையில் அசையாமல் நின்றுவிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே நேரத்தில் "டீச்சர், கேக்கல" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் மகன் பத்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கணினியின் முன்னாலேயே தலை கவிழ்த்துத் தூங்கிப்போனான். ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வீட்டிலும் அன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த நாள் ஒரு முழுப் பள்ளி நாளாக எழுதப்பட்டிருக்கிறது.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று. ஜூன் மாதத்தில் இரண்டு மூன்று நாள்களைக் கூட்டி நடத்தினால் எல்லாருக்கும் எளிதாக இருக்குமே, அதை ஏன் செய்வதில்லை? கணக்கில் வராத அந்த இரண்டு நாள்கள் என்ன ஆயின? மேற்கே மலைப்பகுதிப் பள்ளிகள் புயலில் இழந்த நாள்களைச் சட்டமன்றம் தள்ளுபடி செய்ததாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையானால், எது தள்ளுபடி ஆகும், எது ஆகாது என்பதை முடிவு செய்வது யார்? சென்னையில் நான் படித்த காலத்தில் மழைக்கு விடுமுறை விட்டால் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். இங்கே அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

மறுமொழி: கேரி தந்தை

அம்மா, ஐந்தாறு ஆண்டுகளாக எங்கள் பகுதிக் கல்வி வாரியக் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வருகிறேன். அங்கே மீண்டும் மீண்டும் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே சட்டத்தில்தான் போய் முடிகின்றன.

பள்ளி எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதை வட கரோலினாவில் கல்வி வாரியம் தன் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. 2004-இல் சட்டமன்றம் நாட்காட்டிச் சட்டம் ஒன்றை இயற்றியது. இப்போதுள்ள வடிவில் அதன்படி, வழக்கமான நாட்காட்டியில் நடக்கும் பள்ளிகள் ஆகஸ்ட் 26-க்கு மிக அருகிலுள்ள திங்கட்கிழமைக்கு முன்னால் தொடங்கக் கூடாது. ஜூன் 11-க்கு மிக அருகிலுள்ள வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீளவும் கூடாது. கடற்கரையிலும் மலைப்பகுதியிலும் சுற்றுலாத் தொழில் நடத்துவோர், கோடைக்கால முகாம் நடத்துவோர், நீண்ட கோடை விடுமுறையை விரும்பிய பெற்றோர் என்று பலரும் சேர்ந்து கேட்டுப் பெற்ற சட்டம் அது. ஆண்டு முழுவதும் சுழற்சி முறையில் நடக்கும் பள்ளிகளுக்கும், அரசு நிதியில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இந்த இரு எல்லைகளும் பொருந்தா. உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜூலையிலேயே பள்ளிக்குப் போவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே ஜூனில் இரண்டு நாள் கூட்டலாமே என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான் என்றாலும், வாரியத்தின் கையில் அந்த இரண்டு நாள்கள் இல்லை. ஆகஸ்ட் இறுதி ஒரு சுவர், ஜூன் நடுப்பகுதி இன்னொரு சுவர். பனியில் போன நாளை இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே எங்கேயாவது செருக வேண்டும். நடுவே இருப்பவை ஆசிரியர் பணிநாள்கள், சனிக்கிழமைகள், வசந்த விடுமுறை ஆகியவைதாம். ஞாயிற்றுக்கிழமை பள்ளி நடத்தக் கூடாது, படைவீரர் நாளான நவம்பர் 11 அன்று பள்ளி நடத்தக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டது. வசந்த விடுமுறையில் கை வைத்தால் முன்கூட்டியே பயணச்சீட்டு வாங்கிய குடும்பங்கள் கொதித்துப்போகின்றன. அதனால்தான் முதல் அடி எப்போதும் ஆசிரியர் பணிநாளின் மேல் விழுகிறது. விடைத்தாள் திருத்தவும், பாடத் திட்டம் எழுதவும், பெற்றோரைச் சந்திக்கவும் ஆசிரியருக்கு ஒதுக்கிய நாள் அது. அது போனால் அந்த வேலையை அவர் இரவில் தம் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்.

உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு என்பதால் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஆகஸ்ட் இறுதியில் தொடங்குவதால் பல உயர்நிலைப் பள்ளிகளில் முதல் பருவம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் முடிவதில்லை. பாடம் டிசம்பரில் பாதியில் நிற்கிறது. இரண்டு வாரம் விடுமுறை. ஜனவரியில் திரும்பி வந்து பருவத் தேர்வு எழுத வேண்டும். பனி பெய்வதும் அதே ஜனவரியில்தான். ஒரு வாரம் மூடினால் தேர்வு பிப்ரவரிக்குப் போய்விடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டே சமுதாயக் கல்லூரியிலும் வகுப்பு எடுக்கும் மாணவர்களுக்கு அங்கே அடுத்த பருவம் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருக்கும். இதனால்தான் சில பள்ளி மாவட்டங்கள் அண்மை ஆண்டுகளில் சட்டத்தை மீறியே ஆகஸ்டின் முற்பகுதியில் தொடங்கின. சிலவற்றின் மேல் வழக்கும் தொடரப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு கல்வியாண்டில் 185 நாள்கள் அல்லது 1,025 மணிநேரம் கற்பித்தல் நடக்க வேண்டும் என்பது சட்டம். அந்த "அல்லது" என்ற சொல்லில்தான் உங்கள் இரண்டு நாள்களும் கரைந்துபோயின. ஒரு பள்ளியில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் கற்பித்தல் நடக்கிறது, நாட்காட்டியில் 178 நாள்கள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,068 மணிநேரம். சட்டம் கேட்பதைவிட 43 மணிநேரம் மிகுதி. அதாவது ஏழு நாள்கள் போனாலும் கணக்கு உதைக்காது. பல மாவட்டங்கள் நாள் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். சில இடங்களில் ஈடுசெய்யும் நாள் என்று எதையும் அறிவிக்காமல், எஞ்சிய நாள்களில் தினமும் பத்து நிமிடம் கூட்டிவிடுகிறார்கள். எஞ்சியவை தொண்ணூறு நாள்கள் என்றால் 15 மணிநேரம் சேரும். காகிதத்தில் அது இரண்டரை நாள். ஆனால் ஏற்கெனவே இருந்த ஒரு வகுப்பின் வாலில் ஒட்டிய பத்து நிமிடத்தில் புதிதாக ஒரு பாடத்தையும் தொடங்க முடியாது.

தொலைவழி வகுப்புக்கும் வரம்பு உண்டு. கடும் வானிலை போன்ற நெருக்கடிக்காக ஆண்டுக்கு ஐந்து நாள்கள் அல்லது 30 மணிநேரம் வரை அதைக் கற்பித்தலாகக் கணக்கிடலாம் என்று 2021-இல் சட்டமன்றம் விதி செய்தது. கொரோனாவுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் கணினி இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது. உறைமழையில் மின்கம்பி அறுந்து கிடக்கும் நாளில் அந்தக் கணினியால் என்ன பயன் என்று கூட்டத்தில் ஒரு முறை எழுந்து நானே கேட்டிருக்கிறேன்.

வானிலைக்காக ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கடந்த பத்து ஆண்டுகளில் எவையேனும் நான்கு ஆண்டுகளில், ஆண்டுக்கு எட்டு நாள்கள் பள்ளி மூட நேர்ந்த கவுண்டிகள் (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவுகள்) விண்ணப்பித்தால், ஆகஸ்ட் 19-க்கு அருகிலுள்ள திங்கட்கிழமையிலேயே தொடங்க மாநிலக் கல்வி வாரியம் இசைவு தரலாம். மலைப்பகுதிக் கவுண்டிகளுக்குத்தான் இது பெரும்பாலும் கைகொடுக்கிறது. உங்களுக்கு எட்டு நாள்கள் போன இந்த ஆண்டு ஒரே ஓர் ஆண்டாகத்தான் கணக்கில் வரும்.

தள்ளுபடியைப் பற்றி: அந்த அதிகாரம் சட்டமன்றத்தினுடையது. நடந்த பேரிடரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுத் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 2018 செப்டம்பர் 14 அன்று ஃபுளோரன்ஸ் புயல் ரைட்ஸ்வில் கடற்கரைக்கு அருகே கரையைக் கடந்து கிழக்குக் கவுண்டிகளை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, அக்டோபர் தொடக்கத்தில் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, பாதிக்கப்பட்ட பள்ளிகளுக்கு 20 நாள்கள் வரை தள்ளுபடி கொடுத்தது. வழக்கமான பனிக்கு அப்படிக் கொடுப்பதில்லை. மலைப்பகுதியில் என்ன நடந்தது என்பதை அங்கேயே இருந்தவர்கள் சொல்வதுதான் முறை.

மறுமொழி: ஆஷ்வில் ஆசிரியை

நான் பங்கோம் கவுண்டியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் எங்கள் மலைகளைத் தாக்கியது. சாலைகள், பாலங்கள், மின்சாரம், குடிநீர், தொலைபேசி என்று எதுவும் மிஞ்சவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல நாள்கள் பிடித்தன. கவுண்டிப் பள்ளிகள் அக்டோபர் 25 அன்று திறந்தன. ஆஷ்வில் நகரப் பள்ளிகள் அக்டோபர் 28 அன்று. ஏறத்தாழ நான்கு வாரங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை.

திறந்த பிறகும் நகரக் குழாயில் வந்த நீரைக் குடிக்க முடியாது. நவம்பர் 18 அன்றுதான் அது குடிக்கத் தகுந்தது என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே பள்ளியைத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளி வளாகங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். என் வகுப்பறைச் சுவரோரம் முழுவதும் தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய பெட்டிகள். முதல் நாள் ஒரு சிறுமி சாப்பிடப் போகும் முன், புட்டியிலிருந்து தன் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு கைகளையும் தேய்த்து, வழிந்த நீரைப் பக்கத்தில் நின்றவளின் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வீட்டில் அப்படித்தான் செய்கிறோம் என்றாள். அந்தப் பிள்ளைக்கு நான் அன்று பின்னங்களைக் கற்பிக்கத் தொடங்க வேண்டியிருந்தது.

2024 அக்டோபர் 10 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட பேரிடர் மீட்புச் சட்டத்தில், 27.3 கோடி டாலர் நிதியுடன், பள்ளி நாட்காட்டித் தளர்வும் சேர்ந்திருந்தது. இழந்த நாள்களைப் பள்ளிகள் ஈடுசெய்யலாம், அல்லது சட்டம் குறித்த வரம்புவரை நடந்து முடிந்ததாகவே கொள்ளலாம். அந்தச் சட்டத்தை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். வீடு இழந்து உறவினர் வீட்டில் ஒரே அறையில் தங்கியிருந்த பிள்ளைகளைச் சனிக்கிழமையும் வரச் சொல்லி, கோடையிலும் வரச் சொல்லி, மணிக்கணக்கைச் சரிசெய்திருந்தால் அது கொடுமையாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தள்ளுபடி ஆனவை நாள்கள். பாடம் தள்ளுபடி ஆகவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் எழுதும் ஆண்டிறுதி இ.ஓ.ஜி. தேர்வு அந்த ஆண்டும் நடந்தது. நான்கு வாரப் பாடத்தை மற்ற வாரங்களுக்குள் இடித்துத் திணிப்பது ஆசிரியரின் பொறுப்பாயிற்று. பின்னங்களை முறைப்படி மூன்று வாரம் நடத்துவேன். அந்த ஆண்டு எட்டு நாள்களில் முடித்தேன். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பதை வீடு வீடாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது: வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இனி இப்படிச் சட்டம் எழுதுபவர்கள் நாளைத் தள்ளுபடி செய்யும் அதே பிரிவில், அந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியரையும், விருப்பமுள்ள பிள்ளைகளுக்குக் கோடைக்கால வகுப்பையும் நிதியோடு சேர்த்து எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். ராலே அம்மா, உங்கள் மகன் தூங்கிப்போன அந்தத் தொலைவழி நாளில் எந்தப் பாடம் இருந்தது என்று ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். நாள் கணக்கில் ஏறிவிட்டதால் அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு எடுப்பார்கள்.

மறுமொழி: மினசோட்டா குடும்பஸ்தர்

வேறு மாநிலத்திலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி இறுதியில் துருவச் சுழல், அதாவது வட துருவத்துக் கடுங்குளிர்க் காற்று, தெற்கே இறங்கியபோது மினியாபொலிஸில் ஜனவரி 30 அன்று குளிர் மைனஸ் 28 பாரன்ஹீட். பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகளை நிற்க வைத்தால் சில நிமிடங்களில் தோல் உறைந்துபோகும் நிலை. அந்த வாரம் பள்ளிகளை மூடினார்கள். பிப்ரவரியில் பெரும்பனி வந்து மறுபடியும் மூடினார்கள்.

அந்த வசந்த காலத்தில் எங்கள் சட்டமன்றம் பனிநாள் நிவாரணச் சட்டம் ஒன்றை நிறைவேற்ற, ஆளுநர் டிம் வால்ஸ் கையெழுத்திட்டார். மூடிய நாள்களைக் கற்பித்தல் நாள்களாகவே கணக்கிட்டுக்கொள்ளப் பள்ளி மாவட்டங்களுக்கு அது இடம் கொடுத்தது. நான் இங்கே இதை எழுதுவதற்குக் காரணம், அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு நிபந்தனை. தள்ளுபடியைப் பயன்படுத்த விரும்பும் வாரியம் முறைப்படி தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஊழியர்களுக்கு அந்த நாள்களுக்கான ஊதியத்தையோ, வேறு நாளில் வேலை செய்து அதை ஈட்டும் வாய்ப்பையோ தர வேண்டும்.

என் மனைவி அப்போது ஒரு தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு உதவியாளராக, மணிக்கூலிக்கு இருந்தார். பள்ளி மூடினால் ஆசிரியரின் மாதச் சம்பளம் பெரும்பாலும் குறையாது. இவருடைய சம்பளம் அன்றைக்கே குறைந்துவிடும். பிப்ரவரி சம்பளச் சீட்டை அடுப்பங்கரை மேடையில் விரித்து வைத்து, எரிவாயுக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் குளிர் மாதத்தில் எரிவாயுக் கட்டணமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருந்தது. பள்ளி நாளை ஈடுசெய்தால் போன கூலி திரும்ப வரும். தள்ளுபடி செய்தால் போனது போனதுதான். தள்ளுபடி என்றால் எல்லாருக்கும் நல்லது என்று பொதுவாகப் பேசுகிறோமே, அது எங்கள் வீட்டுக்கு நல்லதாக ஆனது அந்த ஒரு நிபந்தனையால்தான்.

அதே குளிரில் மிச்சிகனிலும் பள்ளிகள் மூடின. அங்கே ஆண்டுக்கு ஆறு நாள்கள் சட்டப்படியே தள்ளுபடி உண்டு. அது போதாமல், ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்திருந்த நான்கு நாள்களைத் தள்ளுபடி செய்யத் தனிச் சட்டம் இயற்றினார்கள். அதில் கையெழுத்தானது மே 10 அன்று. கல்வியாண்டு முடிய ஒரு மாதமே இருக்கும்போது வரும் நிவாரணத்தை நம்பி எந்தக் குடும்பமும் ஜூன் மாதத்தைத் திட்டமிட முடியாது. தள்ளுபடி தருவதென்றால் எந்த அளவு பேரிடருக்கு எத்தனை நாள் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி: ராலே அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆஷ்வில் டீச்சர், கையிலிருந்து வழிந்த நீரை இன்னொருவர் கையில் பிடித்த அந்தச் சிறுமியைப் பற்றிப் படித்த பிறகு, என் எட்டு நாள்களைப் பற்றிப் புலம்பியதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேள்வியை விடப்போவதில்லை.

மகனின் ஆசிரியைக்கு இன்று காலை எழுதினேன். அன்றைய பாடம் கடன் வாங்கிக் கழித்தல். வியாழக்கிழமை சிறு குழுவாக உட்காரவைத்து மீண்டும் சொல்லிக்கொடுப்பதாக மதியத்துக்குள் பதில் அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் கல்வி வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று நிமிடம் தருவார்கள். மினசோட்டா ஐயா சொன்னதைப் படித்த பின் ஒரு சந்தேகம். எங்கள் பள்ளி உணவகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியை எனக்கு நன்றாகத் தெரியும். மூடிய நாள்களுக்கு அவருக்குக் கூலி கிடைத்ததா என்று வாரியத்திடம் கேட்கலாமா, அல்லது அதுவும் சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறதா?

மறுமொழி: கேரி தந்தை

கட்டாயம் கேளுங்கள் அம்மா. உணவகப் பணியாளரின் நிலை மற்றவர்களினும் கடினம். அவர்களுடைய ஊதியத்தில் பெரும்பகுதி, பரிமாறிய ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கூட்டரசு திருப்பித் தரும் தொகையிலிருந்தும், பிள்ளைகள் கொடுக்கும் காசிலிருந்தும் வருகிறது. பள்ளி மூடினால் சாப்பாடு இல்லை. சாப்பாடு இல்லாவிட்டால் அந்த வரவும் இல்லை. இலவச உணவை நம்பியிருக்கும் பிள்ளையின் வயிறும் அதே நாளில் காய்கிறது. ஹெலீனுக்குப் பிறகு வந்த 2024 சட்டத்தில் உணவகப் பணியாளர்கள் இழந்த ஊதியத்துக்கென்று தனியாக நிதி ஒதுக்க வேண்டியிருந்ததே இதனால்தான்.

சாதாரணப் பனிக்கு அப்படி எந்த ஒதுக்கீடும் வராது. அந்த நாள்களுக்கு அவர்கள் தம் விடுப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும், அல்லது வேறு நேரத்தில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். அந்த ஈடுகட்டும் நேரத்தை எப்படி, எப்போது தருவது என்பதில் உள்ளூர் நிர்வாகத்துக்கு இடம் இருக்கிறது. ஆகவே வாரியத்திடம் பொதுவாகக் கேட்காமல் இப்படிக் கேளுங்கள்: மணிக்கணக்கில் கரைந்துபோன அந்த இரண்டு நாள்களுக்கு உணவகப் பணியாளர்களும் பேருந்து ஓட்டுநர்களும் எத்தனை மணிநேரம் இழந்தார்கள், ஜூனுக்குள் அதை ஈட்ட அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கப்போகிறீர்கள்? நானும் அன்று வருகிறேன். பேச்சாளர் பட்டியல் கூட்டத்துக்கு முந்தைய நாளே மூடப்பட்டுவிடும் இடங்களும் உண்டு. உங்கள் பெயர் பதிவாகியிருப்பதை ஒரு முறை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.